பாட்டுத் தாளின் பின்பக்கம்

காக்ஸ் டவுனில் எங்கள் தமிழ் சபையின் கொயரில் பதினாறு வயதிலிருந்து ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். என் வீட்டுக்காரர் ஆண்களின் அடிக்குரலான பேஸ். அவருக்கு டூவீலர் சர்வீஸ் கடையில் வேலை, எனக்குப் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கூடி, மூன்று வாரத்தில் நாலு குரலையும் சேர்த்துவிடுவோம். எங்கள் பாட்டுத் தாளில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எழுத்து, நடுவில் புள்ளி. சோல்ஃபா என்போம். அதை ஒரு பெரிய கலை என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் பாட வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு பெரிய பாடகர் குழுவின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. டிசம்பர் கச்சேரிக்கு ஆள் வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம். நாற்பது குரல்கள், பியானோ, நல்ல மண்டபம். ஒரு தடவையாவது அப்படி நின்று பாட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசையாகிவிட்டது. ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன்.

குழுவை நடத்துகிற அம்மாள் தன்மையானவர், தமிழும் தெரிந்தவர். "மியூசிக் படிப்பீங்களா?" என்றார்.

"பதினாறு வயசுலேருந்து படிக்கிறேன் மேடம்."

ஒரு தாளைக் கொடுத்தார். தலைப்பு ஏதோ புரியாத மொழியில். கீழே ஐந்தைந்து கோடுகள், கொடிக்கயிற்றில் எறும்பு ஊர்வதுபோலக் கருப்புப் புள்ளிகள். எங்கள் எழுத்து ஒன்றையும் காணோம். பின்பக்கம் அச்சடித்திருப்பார்கள் என்று தாளைத் திருப்பினேன். வெள்ளையாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "பரவால்ல. இங்கயே கிளாஸ் இருக்கு, ஃப்ரீதான். செவ்வாய்க்கிழமை நாலு மணி. கத்துக்கிட்டு அடுத்த வருஷம் வாங்க."

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றது பொய்யில்லை. நாலு மணிக்குச் சும்மா இருக்கிற யார் வேண்டுமானாலும் வரலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் நல்லவர்தான், கடிகாரம்தான் விடவில்லை. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அழுகை வந்தது. பாதி வெட்கம், மீதி கோபம்.

கச்சேரிக்குப் போகவே மாட்டேன் என்றிருந்தேன். வீட்டுக்காரர்தான், "பாடத்தான் முடியல, கேக்கவுமா கூடாது? கெளம்பு" என்று கூட்டிப்போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மூன்றாவது பாட்டு ஆரம்பித்து ஒரு வரி முடிவதற்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வார்த்தைதான் வேறு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் காலையில் நாங்கள் தமிழில் பாடுகிற பாட்டு அது. ஏதோ தோன்றி, பையிலிருந்த தாளை எடுத்து நிகழ்ச்சித் தாளோடு ஒத்துப் பார்த்தேன். அதே தலைப்பு. எனக்கு மனப்பாடமான பாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு முழித்திருக்கிறேன்.

என்னையறியாமல் ஆல்டோவை எடுத்தேன். அவர் பக்கத்தில் மெல்லப் பேஸ் சேர்த்தார். முன்வரிசைப் பெண் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். குரலைத் தணித்தேன், நிறுத்தவில்லை. பாதியில் விடுவது எங்கள் கொயரில் வழக்கமில்லை.

முடிந்ததும் வாசலில் அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கிளாஸுக்கு வரவே இல்லையே?"

"வேலை மேடம். ஆனா மூணாவது பாட்டுல ஆல்டோ எனக்குத் தெரியும்."

அங்கேயே பாடிக் காட்டினேன், தமிழில். கடைசிவரை கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை காலையில எங்க ரிகர்சலுக்கு வர்றீங்களா? காதால கேட்டே பாடுங்க" என்றார்.

எத்தனை நாள் ஆசை. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"ஞாயித்துக்கிழமை காலையில எங்களுக்குப் பாட்டு இருக்குங்க மேடம். நீங்க ஒரு தடவை எங்க சர்ச்சுக்கு வாங்க, எங்ககூட நின்னு பாடலாம். எங்க எழுத்து படிக்கத் தெரியணும்னு கட்டாயமில்ல."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கூப்பிட்டேன்.