ஆபீசருக்காக மாட்டும் போர்டு

ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு தனியார் மனநல மருத்துவமனை. பெண்கள் வார்டு அட்டெண்டராக நான் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கற்றுத் தந்த முதல் வேலை போர்டு மாட்டுவது. ‘நோயாளிகளின் உரிமைகள்’ என்று தலைப்புப் போட்ட பெரிய போர்டு. பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஸ்டோர் ரூமில் ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் என்று போன் வந்தால் ஹாலில் மாட்ட வேண்டும். ஆபீசர் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்ற வேண்டும். நோயாளிகள் மேல் அவ்வளவு அக்கறை. நிறையத் தெரிந்துகொண்டால் மனசு கெட்டுவிடும் அல்லவா?

கேட்டதற்குப் பதில் சொல்வதிலும் குறை வைக்கவில்லை. வீட்டுக்குப் பேச போன் கேட்டால் டாக்டரைக் கேட்கச் சொல்வோம். டாக்டர் மேனேஜரைக் கைகாட்டுவார். மேனேஜர், வீட்டு ஆட்களைக் கேட்டுச் சொல்லுங்கள் என்பார். வீட்டு ஆட்களைக் கேட்க போன் வேண்டும்.

அப்போது தேவிபட்டினத்து ஜைனம்பு வார்டில் இருந்தார். தூக்கமே வரவில்லை என்று தானாக வந்து, தானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர். குணமாகிவிட்டது, மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிக்காஹ். ஆனால் ஜைனம்புவின் அண்ணன், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கேவலம், நிக்காஹ் முடிந்ததும் அனுப்புங்கள் என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தார். அண்ணன் வந்தால்தான் விடுவோம் என்பதே மேனேஜரின் தினசரிப் பதில்.

புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். காலையிலேயே போர்டைத் துடைத்து மாட்டினேன். ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பிய ஆபீசர், பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கடல் பார்க்கிற கூட்டத்தில் சிக்கிக்கொண்டார். போர்டு மத்தியானம் வரை தொங்கியது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

ஜைனம்பு அதன் முன்னால் போய் நின்றார்.

“அக்கா, இது எப்ப வந்துச்சு?”

“இங்கனதான் இருந்துச்சு” என்றேன். பொய் இல்லை.

அவர் சத்தமாகப் படித்தார். வீட்டாரோடு போனில் பேசலாம். தன் விருப்பத்தில் சேர்ந்தவர் கேட்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வார்டே கூடிவிட்டது. மேனேஜர் ஓடி வந்தார்.

“ஏம்மா, அது ஆபீசர் பாக்க மாட்டுனது. நீங்க படிக்கிறதுக்கா?”

“ஏன், ஆபீசரா இங்கன அடைஞ்சு கெடக்காரு?” என்றார் ஜைனம்பு.

மேனேஜர் என்னைப் பார்த்து, கழட்டு என்று கையைக் காட்டினார். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. இருந்தாலும் கேட்டேன்: “கழட்டிரவா சார்? கார் வந்துருச்சு.”

கை இறங்கிவிட்டது.

உள்ளே வந்த ஆபீசரிடம் ஜைனம்பு வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் அந்த வரியைக் காட்டி, இது எனக்கும் சேருமா என்று மட்டும் கேட்டார். ஆபீசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சிரித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் ஜைனம்பு தேவிபட்டினம் பஸ் ஏறினார். சனிக்கிழமை தூக்குவாளியில் நெய்ச்சோறு வந்தது. மேனேஜரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

போர்டை நிரந்தரமாக மாட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் ஆபீசர். மாட்டிவிட்டார்கள், சுவரின் உச்சியில், ஃபேனுக்கும் மேலே. பல்லிகள் இப்போது தம் உரிமைகளை நன்றாக அறியும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாரம் ஒருமுறை ஒட்டடை அடிக்க ஏணியில் ஏறுங்கள். ஏறியதும் வரி வரியாகத் துடைத்து, வாய்விட்டுப் படியுங்கள். ஒட்டடை அடிக்காதே என்று இதுவரை எந்த மேனேஜரும் சொன்னதில்லை.