மடங்கிய கட்டைவிரல்

இதைக் கட்டுக்கதை என்பவர்களோடு நான் பேரம் பேசுவதில்லை. நடந்தது நடந்ததுதான், ஒரு சொல்கூடக் குறைக்க முடியாது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

1964, ஏப்ரல். தசரதன் தங்க வயல் சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடிக்கும் ஆள். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். கீழேயிருந்து மூன்று மணியோசை வந்தால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம். மேலே இவனும் மூன்று அடித்துப் பதில் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷப் பழக்கம்.

தங்கக் கல் கொஞ்சம் காணாமல் போயிற்று. யாரையாவது பிடித்தாக வேண்டுமே. ஊரிகத்தில் சுரங்கம் கொடுத்த லைன் வீட்டில் சோற்றில் கை வைத்திருந்த தசரதனை இழுத்துப்போய் ஒரு சின்ன போலீஸ் அவுட்போஸ்டில் அடைத்தார்கள். வாக்குமூலம் முன்கூட்டியே எழுதித் தயாராக இருந்தது. கட்டைவிரல் ரேகை மட்டும் பாக்கி. வைத்தால் ஜெயில். வேலையும் போகும், வீடும் போகும்.

"வெச்சிடு தசரதா. ஒரு வருஷம்தான்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர், கத்தரிக்காய்க்கு விலை குறைப்பவர்போல.

"எடுக்காத கல்லுக்கு ஒரு நாள்கூட கட்டுப்படியாவாது சார்."

அந்த வாய்க்குத் தனியாக விழுந்தது. உள்ளங்காலில் லத்தி. போலீஸ்காரன் நாகேஷின் கை ஓயும்வரை.

"நாலு மணிக்கு வரேன். அப்பவும் வெக்கலைன்னா நீ நடந்து வீட்டுக்குப் போவமாட்டே," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மணி 2.10. பூட்டு விழுந்தது. ஜன்னல் கிடையாது. கதவுக் கம்பி வழியே முன்னறைக் கடிகாரம் மட்டும் தெரிந்தது. தகரக் கூரை கொதித்தது.

2.35. டக்... டக்... டக்.

பின்சுவரில். பக்கத்து அறையிலும் எவனோ சுரங்கத்து ஆள் என்று நினைத்தான். யோசிக்காமல் இவனும் மூன்று தட்டினான்.

சத்தம் நின்றது. அறை சில்லிட்டது.

3.05. மறுபடி மூன்று. இம்முறை சுவரில் இல்லை... அவன் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினான். யாருமில்லை. மூச்சு மட்டும்... ஈரமாக, இழுத்து இழுத்து.

"ஏட்டய்யா, தொறங்க."

யாரும் வரவில்லை.

அவனுடைய வலது கட்டைவிரலை எதுவோ தொட்டது. உள்ளங்கைக்குள் மடக்கியது. மற்ற விரல்களை அதன்மேல் மூடியது. அதற்கும் மேல் இன்னொரு கை... இறுக்கியது.

"குடுக்காதே..." காதோரம் அந்த ஈர மூச்சு.

4.00. கதவு திறந்தது. நாகேஷ் கையைப் பிரிக்கப் பார்த்தான். இன்னொருவன் முட்டி போட்டு இழுத்தான். லத்தியை நுழைத்து நெம்பினார்கள்.

"தொறடா."

"நான் மூடலீங்க சார்."

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தசரதனின் முஷ்டிமேல் நான்கு விரல் அழுந்திய தடம். ஐந்தாவதான கட்டைவிரலின் இடத்தில் மை. மை அட்டையை இன்னும் யாரும் திறக்கவே இல்லை.

"இவனை வெளிய அனுப்பு," என்றார், பின்னுக்கு நகர்ந்துகொண்டே.

வெளியே தவழ்ந்து வந்தவன் பின்சுவரைப் பார்த்தான். அந்தப் பக்கம் அறையே இல்லை. வெட்டவெளி.

நாகேஷ் அந்த மாதமே வேலையை விட்டான். பூதிகோட்டையில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவனைத் தசரதன் தேடிப்போய் அந்த அறையைப் பற்றிக் கேட்டான்.

"பிப்ரவரியில பெரியசாமின்னு ஒருத்தன், உன்னாட்டம் சுரங்கத்து ஆளு. அதே ரூம்ல வெச்சி அடிச்சோம்," என்றான் நாகேஷ். "அவனும் ரேகை குடுக்கல. அஞ்சு மணிக்கு மூச்சு நின்னுபோச்சு."

ஏரை நிறுத்திவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தான்.

"ஆறு மணிக்கு அய்யா மை அட்டையக் கேட்டாரு. விரலப் புடிச்சி அழுத்தினது நான்தான்."