வக்கீல் சக்ரபாணியின் கறுப்புக் கோட்டு

சக்ரபாணி ஐயங்காரை நல்லவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். நேர்மையானவர் என்று எழுதலாம். ஒருவர்மேல் கறுவம் வைத்தால் லேசில் விடமாட்டார் என்றும் சேர்த்து எழுத வேண்டும். மைசூரில் அவர் வக்கீலாக இருந்தபோதும் பிறகு அரசாங்க அதிகாரியானபோதும் அவருக்கு டைப் அடித்தவள் நான். ஹில்டா என் பெயர்.

கொலைக் கேஸ், பாகப்பிரிவினை என்று வருகிறவர்களை அவர் அடுத்த தெரு வக்கீலிடம் அனுப்பிவிடுவார். அவருக்கு வியாபார வழக்குதான் வேண்டும். கோர்ட்டு இல்லாத நாளில் சந்தேபேட்டைக்குப் போய் வியாபாரிகள் நடுவே உட்கார்ந்துகொள்வார். அங்கே பட்டு நூல் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு பேர் கைகளையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, அதன் அடியில் விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். எந்த விரலைப் பிடித்தால் என்ன விலை, எந்தக் கணுவை அழுத்தினால் அரை, கால் என்பதெல்லாம் சக்ரபாணிக்கு அத்துப்படி. "கோட்டுப் போட்ட தரகர்" என்று மற்ற வக்கீல்கள் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சந்தேபேட்டையில் கிடைத்த கட்சிக்காரர்களில் ஒருவன் நஞ்சுண்டசாமி. ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவன். ரேயான் கலந்த நூலை அசல் பட்டு என்று தள்ளிவிட்டான் என்று 1949இல் நெசவாளர்கள் அவன்மேல் வழக்குப் போட்டார்கள். எங்களிடம் வந்து, தன் சரக்கில் ஒரு இழைகூடக் கலப்பில்லை என்று நஞ்சன்கூட்டு சாமிமேல் சத்தியம் செய்தான். சக்ரபாணி நம்பினார். கூண்டில் ஏறியபின் எதிர்க்கட்சி வக்கீல் கேட்ட கேள்விகளில் அவன் வசமாக மாட்டிக்கொண்டான். "கலப்பில்லை என்று சொல்லும்படி உமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?" என்று நீதிபதி கேட்டார்.

நஞ்சுண்டசாமி கையை நீட்டினான்.

"வக்கீலய்யாதானுங்க சொல்லச் சொன்னாருங்க."

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு விசாரணை வைத்து, அவர்மேல் குற்றமில்லை என்று முடித்தார்கள். அது யார் காதிலும் ஏறவில்லை. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கோயிலில் தீர்த்தத்துக்கு நிற்கும்போது மற்றப் பெண்கள் தள்ளி நின்றார்களாம்; அவர் சம்சாரம் செலுவம்பா அதோடு கோயிலுக்குப் போவதையே விட்டார். எனக்கு நிச்சயமாகியிருந்த சம்பந்தமும் போயிற்று. பொய்ச் சாட்சியை டைப் அடித்தவள் எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாய் சர்ச் வாசலிலேயே என் அம்மாவிடம் சொன்னாள். நஞ்சுண்டசாமி நாசமாய்ப் போகவேண்டும் என்று நான் ஜெபமே செய்திருக்கிறேன். கர்த்தர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

1952இல் அரசாங்கம் ஒரு கண்ட்ரோல் ஆபீஸ் திறந்தது. வெளிநாட்டுப் பட்டு நூல் வேண்டுமென்றால் இனி அங்கே உரிமம் வாங்கவேண்டும். சட்டமும் தெரிந்து சந்தையும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? சக்ரபாணியைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தார்கள். அவர் என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

முதல் நாள் வந்ததும் அவர் செய்த காரியம், தம் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து, பழைய கறுப்புக் கோட்டை மாட்டியதுதான்.

"இனிமே இது எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா. பார்க்கறவா பார்க்கட்டும்."

சீக்கிரமே பார்க்கவேண்டியவன் வந்தான். உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்க உள்ளே நுழைந்த நஞ்சுண்டசாமி முதலில் கோட்டைப் பார்த்தான், அப்புறம்தான் ஆளைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. சக்ரபாணி மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே விதிகளைப் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அடுத்தவர் பெயரில் மனுப் போட வைத்தவருக்கு இந்த ஆபீசில் உரிமமே கிடையாது என்ற விதியையும் சொன்னார். சந்தேபேட்டையில் பாதிப் பேர் பினாமியாகத்தான் எதையும் வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியாததில்லை.

அவன் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "அவன் மனு வந்தா தள்ளிடுங்க சார். வெளிநாட்டு நூல் இல்லேன்னா அவன் கடையை மூட வேண்டியதுதான்."

"தள்ளினா என்ன ஆகும் தெரியுமா? நான் யோக்கியன் இல்லேன்னு அவன் கோர்ட்ல சொன்னானே, அது நிஜம்னு ஆயிடும். மனு சரியா இருந்தா நான் கையெழுத்துப் போட்டாகணும்."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. அந்தப் பாவிக்கு இவர் கையாலேயே வாழ்வா?

ஆனால் நஞ்சுண்டசாமி பெயரில் மனு வரவேயில்லை. சக்ரபாணி இடத்தில் தான் இருந்தால் என்ன செய்வானோ, அதையே அவரும் செய்து மனுவைத் தள்ளிவிடுவார் என்று முடிவுகட்டிவிட்டான். வந்தது, ஹனூர் சித்தையன், பட்டு நூல் வியாபாரி என்று ஒரு மனு. அதைப் படித்ததும் சக்ரபாணி சிரித்தார். பழைய வழக்கு நடந்தபோது நஞ்சுண்டசாமிக்குக் கோர்ட்டு வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மச்சான்தான் இந்தச் சித்தையன். எனக்கே நினைவிருந்தது. அவர் மறப்பாரா?

விசாரணைக்கு நேரில் வரச்சொன்னார். சித்தையன் புது வேட்டியில் வந்தான். துணைக்கு வந்ததாகச் சொல்லி நஞ்சுண்டசாமி கதவோரம் நின்றான். தங்கள் முறைக்குக் காத்திருந்த வியாபாரிகள் சிலரும் அங்கே இருந்தார்கள்.

"எத்தனை வருஷமா பட்டு வியாபாரம்?"

"ரொம்ப வருசமாங்க."

"பேஷ்." சக்ரபாணி தோள் துண்டை எடுத்து வலக்கையின்மேல் போட்டுக்கொண்டு கையை மேஜைக்கு மேலாக நீட்டினார். "போன வாரம் என்ன விலைக்கு வாங்கினேள்? சந்தேபேட்டையில சொல்றாப்பல சொல்லுங்கோ."

சித்தையன் துண்டைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். பிறகு துண்டுக்குள் கையை விட்டு, அதிகாரியின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, துண்டோடு தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வியாபாரிகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். கதவோரத்தில் நஞ்சுண்டசாமியின் விரல்கள் வேட்டி நுனியில் விலையைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன.

சக்ரபாணி கையை இழுத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"பட்டு வியாபாரின்னு சொல்லும்படி உமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?"

அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நஞ்சுண்டசாமியும் கேட்டிருக்கிறான். சித்தையனுக்கு வேர்த்துக் கொட்டியது. கையை நீட்டினான்.

"மச்சாந்தானுங்க சொல்லச் சொன்னாருங்க. நமக்கு ராகி வெள்ளாமைங்க சாமி. பட்டெல்லாம் தெரியாதுங்க."

எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். மறைக்க நான் என்ன புனிதவதியா?

சித்தையனைச் சக்ரபாணி ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார். நஞ்சுண்டசாமிக்கு இனி உரிமம் கிடையாது என்ற உத்தரவை அங்கேயே வாய்மொழியாகச் சொன்னார், நான் அடித்தேன். வழக்கமாக நான் வேகமாக அடிப்பவள். அன்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன். அவன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க பேர்ல கேட்டிருந்தா குடுத்திருப்பேன்," என்றார் சக்ரபாணி. "மனு அத்தனையும் சரியா இருந்தது. பேர் ஒண்ணுதான் தப்பு."

இந்த ஒரு வார்த்தை நஞ்சுண்டசாமியை என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். மற்ற வியாபாரிகள் முன்னாலேயே கையெடுத்துக் கும்பிட்டான்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யிங்க. என்ற வாயாலயே சொல்றனுங்க. வக்கீலய்யா மன்னிச்சிருங்க."

மூன்று வருஷமாக அவர் காத்திருந்த பேச்சு. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்த கோட்டை எடுத்துத் தூசி தட்டி, மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"மன்னிப்பு உங்க பேர்ல கேக்கறேளா? இல்லே, இதுவும் மச்சான் பேர்லயா?"

பதிலுக்கு நிற்காமல், அடுத்த வியாபாரியை உள்ளே கூப்பிடச் சொன்னார்.