நடை வேகத்தில் ஒரு கார்

வண்டியைக் கிளப்புவதற்கு முன் எவுசேபியோ அதன் மூக்கில் காதை வைத்துக் கேட்பான். "எழுந்தாச்சா ராணி? இன்னைக்காவது மானத்த வாங்காம வா" என்பான். பெண்டாட்டியிடம் ஒரு நாளும் இவ்வளவு குழைந்ததில்லை.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் அந்தக் காரைத் தெரியாதவன் கிடையாது. பாட்டுக்காரன் லாலோ 1958-இல் சொல்லிச் செய்த வண்டி. உலகத்தில் அது ஒன்றுதான். அலுமினியத் தகட்டைக் கையாலேயே அடித்து வளைத்து, சாயத்தில் கண்ணாடித் தூள் கலந்து பூசினார்கள். கூரை கண்ணாடிக் குமிழ். திறக்க ஜன்னல் இல்லை. மூக்கு சுறாமீன்போலத் தாழ வேண்டும் என்றான் லாலோ. தாழ்த்தினார்கள். அது மூச்சு விட வேண்டாமா என்று எந்த மடையனும் கேட்கவில்லை. வேகமாக ஓடினால் தொல்லையில்லை. மெதுவாகப் போனால் காற்றுப் போதாமல் இஞ்சின் கொதித்துவிடும். திருவிழா ஊர்வலத்தில் லாலோ கையசைப்பான், எவுசேபியோ தண்ணீர் டப்பாவோடு இறங்குவான். பேருக்குத்தான் டிரைவர்.

நாற்பதை எட்டுமுன் லாலோ மாரடைப்பில் போய்விட்டான். சவ வண்டிக்கு முன்னால் அந்தக் கார்தான் போக வேண்டும், அதில் நானும் உட்காருவேன் என்றாள் அவன் தாய் ரெஃபூகியோ. தேவாலயத்திலிருந்து கல்லறை வரை நடை வேகம். ஆகஸ்ட் வெயில் வேறு.

"அம்மா, பாதி வழியில நின்னு ஆவி விட்டா ஊரே சிரிக்கும்."

"என் புள்ளயப் பாத்து இன்னைக்கு ஒருத்தன் சிரிக்கக் கூடாது. அது உன் பொறுப்பு."

ஒரே வழிதான் இருந்தது. காருக்குள் இருந்த ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டான். இஞ்சின் சூட்டை இழுத்து உள்ளே இருப்பவர்கள்மேல் அது கொட்டியது.

"என்னடா, அடுப்புல ஏத்தி வெச்சிருக்கே?"

"அதோட சூட்ட நாம வாங்கிக்கணும்மா. இல்லேன்னா நின்னுடும்."

"சரி, குடு." கறுப்பு முக்காட்டைக்கூட அவள் தளர்த்தவில்லை.

தொப்பியைக் கழற்றி நின்ற சனத்துக்கு நடுவே கார் ஊர்ந்தது. எவுசேபியோவின் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. "இன்னைக்கு மட்டும் நிக்காதடி" என்று முனகிக்கொண்டே ஓட்டினான்.

நிற்கவில்லை. கல்லறை வாசலில் காமெராக்காரர்கள் கண்ணாடிமேல் வந்து விழுந்தார்கள். பூசை முடியும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாதவள் ரெஃபூகியோ. இப்போது அவள் முகமெல்லாம் வழிந்தது. பக்கத்திலிருந்த எவுசேபியோவும் அதை வியர்வை என்றுதான் நினைத்தான், அவள் தோள் குலுங்கும்வரை.

வந்து சேர்ந்தாயிற்றே என்று ஹீட்டரை அணைக்கக் கை நீட்டினான். வெளியே மொய்த்த காமெராக்களைப் பார்த்தபடியே, "இருக்கட்டும்" என்று அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.