அக்கி இறங்கிய பிறகு

என் மாமனாருக்கு விலாவிலிருந்து முதுகு வரை அக்கி வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அது. அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் குன்னத்தூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள். ஆட்டுக்கு வரும் வியாதியெல்லாம் தெரியும், மனுஷருக்கு வருவது அவ்வளவாகத் தெரியாது.

அக்கி என்றதும் யாரும் பதறவில்லை. எங்கள் சந்தில் அது வராத வயசாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் தங்களுக்கு எங்கே வந்தது என்று தொட்டுக் காட்டிவிட்டுத்தான் காபியைக் குடித்தார்கள். "எனக்குந்தான் வந்துச்சுங்க. எழுதுனா எறங்கீரும்." எல்லாருக்கும் வருகிற ஒன்று பெரிய வியாதியாக இருக்க முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நினைப்பில் எங்கே பிசகு என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

பானை செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார். செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளங்களைச் சுற்றி எழுதினார். விலாவில் சிங்கம் ஒன்று வரைந்தார். எனக்கு அது நாயாகத்தான் தெரிந்தது. புது மருமகள் என்பதால் வாயைத் திறக்கவில்லை. கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. அக்கி இறங்கிவிட்டது என்று எல்லாரும் சொன்னோம், மாமனாரைத் தவிர.

அவருக்கு வலி போகவில்லை. பனியனைத் தலை வழியாக மாட்டினால், துணி விலாவில் பட்ட இடத்தில் நெருப்பு பட்டதுபோல் துடித்துக் கழற்றி எறிவார். ஊருக்கெல்லாம் பனியன் வெட்டிக் கொடுத்தவர் வெற்றுடம்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை. அக்கி வருவதற்குச் சற்று முன்னால்தான் முதலாளியோடு அவருக்கு வாய்த் தகராறு. என் வீட்டுக்காரர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். "புண்ணு ஆறிப்போச்சு. வேலைக்குப் போக மனசில்லீன்னா அதைச் சொல்ல வேண்டியதுதானே?" என்று அப்பா காதில் விழும்படியே என்னிடம் சொல்வார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோலைப் பார்த்தால் தழும்பைத் தவிர எதுவுமில்லை. மனுஷர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், சன்னல் காற்று பட்டதும் முகம் கோணிப்போகும். ஒரு நாள் அவரை நம்புவேன், மறுநாள் என் வீட்டுக்காரரை நம்புவேன். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் சந்தே கூடி ஒரு முடிவுக்கு வந்தது. காவி எழுத்தை மாமனார் சீக்கிரம் கழுவிவிட்டார், அதனால் அக்கி உள்ளே போய் ஒளிந்துகொண்டது. மறுபடி எழுத வேண்டும். பானைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கியவே காணமுங்களே, எதைச் சுத்தி எழுதறதுங்க?"

"தழும்பு மேலயே எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இறகின் நுனிதான் பட்டது. மாமனார் போட்ட அலறலில் காவிக் கிண்ணம் உருண்டது. நான் அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து உரக்கத் தும்மிக்கூடக் கேட்டறியாத மனிதர். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே மாமனாரை, மேலுக்குத் துண்டுகூடப் போடாமல், கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றி, நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, சிறு வயதில் சின்னம்மை போட்டதா என்பது. போட்டதாம். அந்த அம்மைதான் இத்தனை காலம் நரம்புக்குள் தூங்கியிருந்து, வயதான பிறகு அக்கியாக வந்தது என்றார். தண்ணி ஊற்றி, வேப்பிலை வைத்து வழியனுப்பிய அம்மை எப்படி உள்ளேயே இருக்கும்? டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். வயசானவர்கள் நிறையப் பேருக்கு வருவதுதானாம். பலருக்குப் புண்ணோடு முடிந்துவிடும், சிலருக்கு வலி மட்டும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட நிற்கும். மாத்திரை தருகிறேன், எவ்வளவு கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாத்தர கேட்டாக் கேக்குது, கேக்காட்டிப் போகுதுங்க. நான் பொய் சொல்லலீன்னு மட்டும் என்ற பையங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க சாமி."