இடது பக்கம் இழுக்கும் புராஜக்ட்

“ஆட்டுங்க சார்... நிறுத்தாதீங்க... லெப்ட், ரைட், லெப்ட், ரைட்...” என்று காருக்கு அடியிலிருந்து குரல் வருகிறது. வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும். வலது பாதத்தில் நீல ரப்பர் செருப்பு; இடது பாதத்தில் ஒன்றுமில்லை. நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருக்கும் காரின் ஸ்டியரிங்கைச் சின்னப் பிள்ளை போல இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே இருந்து ஒருவர் ஆட்ட, கீழே இருந்து ஒருவர் எந்த மூட்டு லொடலொடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. நான் பால் பாக்கெட் வாங்கத்தான் கீழே இறங்கினேன்.

அடியில் படுத்திருப்பவர் நோயல் மரியதாஸ். வயது ஐம்பத்திரண்டு. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்துக்காரர். திங்கள் முதல் சனி வரை அடையாறில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிறார். முழங்கால் தேய்ந்தவர்கள், தோள் பிடித்துக்கொண்டவர்கள், இடுப்பு மாற்றி வைத்தவர்கள் எல்லோரும் அவரிடம் தாங்கித் தாங்கி வந்து நிமிர்ந்து போகிறார்கள். நல்ல கைராசி என்று பெயர். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இதுவரை நிமிராத ஒரே ஒரு நோயாளியிடம் போய்விடுவார்.

அது எண்பத்தெட்டாம் வருஷத்து பத்மினி. வெளிர்நீலம் என்று பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கார் என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். “புராஜக்ட் சார்” என்று திருத்துவார். ஆறு வருஷத்துக்கு முன்னால் திருவான்மியூரில் ஒருவரிடம் வாங்கி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டேதான் வந்தார். அன்றைக்கு அது கார்தான். அவர் ரிப்பேர் செய்ய ஆரம்பித்த பிறகுதான் புராஜக்ட் ஆனது.

வாங்கும்போது ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டம் இருந்தது. நாம் திருப்பினால், திரும்பலாமா வேண்டாமா என்று சக்கரம் கொஞ்சம் யோசிக்கும். நோயல் ஒரு வருஷம் புதுப்பேட்டைக்கு நடையாய் நடந்து பாகம் பாகமாக வாங்கி வந்து அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டார். அதை மறுக்கக் கூடாது. அந்தச் சந்தோஷத்தில் சும்மா இருந்திருக்கலாம். முன்பக்க இடது சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கைகளில் ரப்பர் வளையங்கள் இருக்கும். புஷ் என்பார்கள். கையோடு அவற்றையும் மாற்றினார். மறுநாளிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு காரணம். முதலில் டயர் என்றார், டயர் மாறியது. பிறகு பிரேக் என்றார், பிரேக் மாறியது. ஸ்பிரிங் என்றார். ஸ்பிரிங்கும் மாறியது; ஒரு விரல் தூக்கி நின்ற இடது பக்கம் மட்டும் இறங்கவில்லை. ஒரு மாசம் முழுக்க வண்டியை விட்டுவிட்டு ஊரையே குற்றம் சொன்னார். “மெட்ராஸ் ரோடு எல்லாமே லெப்ட்ல சரிவா போட்டிருக்கான் சார். மழைத் தண்ணி வடியணும்ல?” எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வடிந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டே “ஆமாம்” என்றேன்.

அவருடைய பட்டறையே ஒரு கிளை கிளினிக்தான். போல்ட்டுகளைக் கால்சியம் மாத்திரை டப்பாக்களில் வகைபிரித்து வைத்திருப்பார். ஸ்பானர் கையை உறுத்தாமல் இருக்க முட்டிக்குச் சுற்றும் பேண்டேஜைச் சுற்றியிருப்பார். புது ரப்பர் புஷ் இடத்தில் உட்கார மறுத்தால் வெந்நீர்ப் பையை எடுத்து வந்து அதன் மேல் பத்து நிமிஷம் வைப்பார். நேரம் பார்த்து எடுப்பார். “ஸ்டிஃப்பா இருக்கு சார், பாவம்” என்பார். என் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னபோது அவர் “பாவம்” என்று சொன்னதில்லை.

இடது பக்கத்துப் புஷ் ஐந்து மாசத்துக்கு ஒரு தடவை கிழியும். உடனே ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, புதுசு மாற்றி, போல்ட்டை இறுக்கி, இறக்கிவிடுவார். மறுபடி கிழியும். வலது பக்கத்தை அவர் ஒரு தடவை கூடத் தொடவில்லை. அது ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. இதைப் பார்த்து அவருக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. யாராவது ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்களேன் என்று நான் நாலைந்து தடவை சொன்னேன். “மெக்கானிக்கிட்ட குடுத்தா அது சர்வீஸ் சார். புராஜக்ட் இல்ல” என்று காருக்கு அடியில் போய்விட்டார்.

அவருடைய மனைவி பிரிஸில்லா கணக்கு டீச்சர். புராஜக்டில் ஏறி மூன்று வருஷமாகிறது. கடைசியாக ஏறியது ஒரு சனிக்கிழமை மாலை. கடற்கரை ஓரமாக நொச்சிக்குப்பம் வழியே போகும்போது முன்னால் ஒரு பைக் நின்றது. நோயல் பிரேக் போட்டார். வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் வளைந்து, மீன் கடைக்குள் மூக்கை நுழைத்து, வஞ்சிரம் வைத்திருந்த பலகையை முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. கடைக்கார அம்மா எழுந்து நின்று, “இன்னாய்யா, மீனு வோணும்னா எறங்கி வந்து கேளு! வண்டியோடவா வந்து கேப்ப?” என்று ஆரம்பித்தார். அந்த அம்மா முடிப்பதற்குள் பிரிஸில்லா கதவைத் திறந்து இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். நோயல் இரண்டு கிலோ வஞ்சிரத்தோடு பின்னால் வந்து சேர்ந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும். ஆனால் இந்த ஜனவரியில் அவர்களுடைய கல்யாணத்தின் வெள்ளி விழா வந்தது. சாந்தோம் பேராலயத்தில் கடைசி ஞாயிறு நன்றித் திருப்பலி என்று பத்திரிகை அச்சாகிவிட்டது. நோயலுக்கு ஒரே ஆசைதான். பிரிஸில்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, புராஜக்டை ஓட்டிக்கொண்டு போய்ப் பேராலய வாசலில் இறங்க வேண்டும். ஆறு வருஷமாகப் பாடுபட்டதே இதற்காகத்தான் என்று இப்போது சொல்ல ஆரம்பித்தார். வெள்ளி விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் முன்னாலேயே மனைவியிடம் கேட்டும்விட்டார்.

பிரிஸில்லா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன் நோயல். நீங்க உங்க புராஜக்ட்ல வாங்க. சர்ச் வாசல்ல மீட் பண்ணலாம்.”

நோயல் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வெளியே வந்து காரின் பானட் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். “சொந்தக்காரங்க, சர்ச் பங்கு மக்கள், கிளினிக்ல இருந்து எல்லாரும் வருவாங்க சார். அவ ஆட்டோல வந்து எறங்குனா எப்படியிருக்கும்? இருபத்தஞ்சு வருஷம் சார். பக்கத்துல உக்கார பயப்படுறா.” இத்தனை ஞாயிறுகளாக என்னை ஆட்ட வைத்த மனிதரிடம் எனக்கு இரக்கமே வராது என்றுதான் நினைத்திருந்தேன். வந்துவிட்டது.

வெள்ளி விழாவுக்கு முதல் நாள் வரை ரோஷம் தாங்கியது. சனிக்கிழமை மத்தியானம் கிளினிக்கிலிருந்து பாதியில் கிளம்பி வந்து, “சார், ஒரு எடத்துக்குப் போகணும். கூட வர்றீங்களா?” என்றார். புராஜக்டிலேயே போனோம், ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த அன்வர் பாஷா என்பவரின் ஷெட்டுக்கு. பழைய கார்களுக்கு அலைன்மென்ட் பார்ப்பவர். நாற்பது வயது இருக்கும். ஷெட் வாசலிலேயே நோயல் நிபந்தனை போட்டார். “நீங்க கை வைக்க வேணாம் பாய். பாத்து மட்டும் சொல்லுங்க. செய்யறது நான் செஞ்சுக்கிறேன்.”

அன்வர் பாஷா காருக்கு அடியில் போகவில்லை. எதிரே நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். “இன்னா சார், வண்டி ஒரு பக்கம் தோள தூக்கினு நிக்குது? அந்தப் பக்கம் புஷ்ஷு யாரு போட்டது?”

“நான்தான்.”

“ஜாக்கில தூக்கிக்கினு, சக்கரம் தொங்கும்போதே போல்ட்ட ஃபுல்லா டைட் பண்ட்டியா?”

“ஆமா. பின்ன எப்படிப் பண்றது?”

“மேட்டரே அங்கதான் கீது சார். தொங்கும்போது இறுக்குனா ரப்பரு அந்த வாக்குலயே புடிச்சிக்கும். கீழ எறக்குனா முறுக்கினே நிக்கும். முறுக்கினே ஓடுனா கிழியாம இன்னா பண்ணும்? லூசா வுட்டு, தரையில எறக்கி, வண்டி தன் வெயிட்ல நிக்கும்போது டைட் பண்ணணும். கால ஊனி நிக்க வெச்சுப் பாக்கணும் சார், எதையுமே.”

நோயல் குனிந்து இடது சக்கரத்தைப் பார்த்தார். காது சிவந்தது. அவருடைய கிளினிக்குக்கு ஒருமுறை போயிருக்கிறேன். “படுத்துக்கிட்டு வலி எங்கன்னு சொன்னா எனக்குத் தெரியாது. எழுந்து நில்லுங்க, கால்ல வெயிட் குடுங்க” என்று ஒரு நாளைக்கு இருபது பேரை அதட்டுகிறவர். இதே மனிதர் ஐந்து வருஷமாக ஒரு காலை அந்தரத்தில் தொங்கவிட்டே வைத்தியம் பார்த்திருக்கிறார்.

“ஸ்பானர நான் புடிக்கிறேன்” என்றார் கடைசியில்.

“புடி சார். உன் வண்டி, உன் கையி.”

புதுப் புஷ் போட்டு, போல்ட்டை லூசாகவே விட்டு, வண்டியைக் குழியின் மேல் நிறுத்தினார்கள். நோயல் பேண்டேஜ் சுற்றிய ஸ்பானரோடு குழிக்குள் இறங்கினார். உள்ளே எடைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் ஏற்றினார்கள். ஆறு வருஷம் உழைத்ததற்கு எனக்குப் பதவி உயர்வு. ஆட்ட வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். அன்வர் பாஷா முன்பக்கத்தை நாலு அழுத்து அழுத்திக் குலுக்கிவிட்டு, “இப்ப டைட் பண்ணு” என்றார். பிறகு சக்கரங்களை நேர்பார்த்துச் சரிசெய்தார். எல்லாமாக ஒரு மணி நேரம். தூக்கிய தோளை வண்டி இறக்கிக்கொண்டது.

வீடு வரை அன்வர் பாஷாதான் ஓட்டி வந்தார். நோயல் சாவியை அவரிடமே நீட்டிவிட்டார். பிரிஸில்லா கேட்டருகே நின்றிருந்தார். “நானே ஓட்டினு வந்தேன் மேடம். கோடு போட்ட மாறி வர்து” என்றார் அன்வர் பாஷா. கணக்கு டீச்சர் எந்த விடையையும் வேறொருவர் சரிபார்த்துவிட்டால் நம்புவார். உள்ளே போய் ஆட்டோக்காரருக்கு வேண்டாம் என்று போன் செய்தார். நோயல் அது காதில் விழாதவர் போலக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

மறுநாள் காலை பிரிஸில்லா அரக்குப் பட்டுச் சேலையில் வந்து முன்னால் உட்கார்ந்தார். மடியில் கைப்பை. இடது கை கதவுப் பிடியில். எந்த நிமிஷமும் இறங்கத் தயார் என்று அந்தக் கை சொல்லியது. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். சாட்சிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நோயல் சட்டைக் காலரைச் சரிசெய்து, சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பட்டினப்பாக்கம் தாண்டி சாந்தோம் சாலையில் ஏறியதும் வண்டி மெல்ல வலது பக்கம் ஒதுங்கியது. நோயல் சட்டென்று திருப்பினார். நேரானது. நாலு கட்டடம் தாண்டியதும் மறுபடி வலது பக்கம், மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பை நோக்கி. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

“நோயல், இப்ப ரைட்ல போகுது” என்றார் பிரிஸில்லா. குரலில் கோபம் கூட இல்லை.

நோயல் வேகத்தைக் குறைத்தார். டயர், பிரேக், சாலை எல்லாவற்றையும் யோசித்திருப்பார். பிறகு ஸ்டியரிங்கில் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். இழுக்கிற வண்டியை வலது பக்கம் பிடித்துப் பிடித்தே ஐந்து வருஷம் ஓட்டிய கைகள். இன்றைக்கு வண்டி இழுக்கவில்லை. கைகள் மட்டும் வழக்கம்போல் பிடித்துக்கொண்டிருந்தன.

“வண்டி நேராதான் போகுது பிரிஸி” என்றார் மெதுவாக. “நான்தான் கோணலா புடிக்கிறேன்.”

ஆறு வருஷத்தில் வேறு எதையும் குற்றம் சொல்லாமல் அவர் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரிஸில்லாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவரைத் திரும்பிப் பார்த்தார். கதவுப் பிடியை விட்டார். மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்தார். இருக்கையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, வலது கையை நீட்டி ஸ்டியரிங்கின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.