நாற்பது கிராம் பொறாமை

கடைத் தராசுகளைப் பழுதுபார்க்கிற அந்த மனுஷர், ஒரு கிராம் பிசகினாலும் வேலையை விட்டு எழுந்திருக்கமாட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பது வயதில் வயிற்றெரிச்சல் வந்தது. காரணம், சனிக்கிழமைதோறும் நூலகத்தில் நடக்கும் தத்துவ வகுப்பு. ஆரம்பப் பாடம்தான். அவர் மனைவி அதில் சேர்ந்திருந்தாள்.

"ஏங்க, உங்க எடைக்கல்லு சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எடையளவு ஆபீஸ்ல இருக்கிற கல்லோட ஒப்பிட்டுப் பாக்கிறேன்."

"அந்தக் கல்லு சரின்னு எப்படித் தெரியும்?"

"உன் வாத்தியாரையே கேளு!"

"கேட்டேனே. தெரியலைன்னு சொன்னாரு." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

தெரியாது என்கிறவனுக்கு இத்தனை மரியாதையா! அடுத்த வாரம், இருபது வயதில் இருந்த நீங்களும் இப்போதிருக்கிற நீங்களும் ஒரே ஆளா என்று கேட்டாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கடுத்த வாரம் வாத்தியார் வீட்டு முள் தராசையே தூக்கிவந்துவிட்டாள். முள் நடுங்குகிறதாம். எதற்கான தராசு என்று அவர் கேட்கவில்லை. பொறாமைக்காரன் எதைக் கேட்டான்? நடுக்கத்தைச் சரிசெய்தார். கூடவே உள்திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினார். வெறுந்தட்டில் முள் ஒழுங்காக நிற்கும். இரண்டு கிலோ ஏறினால் நாற்பது கிராம் கூட்டிக் காட்டும். சமையலறைத் தராசாகத்தான் இருக்கும், மாவு பிசகட்டும், அவன் வீட்டில் சண்டை வரட்டும் என்று கறுவினார்.

சனிக்கிழமை அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். "வாத்தியார் குழந்தை குறைமாசத்துல பொறந்ததுங்க. ரெண்டு வாரமா ரெண்டு கிலோவுலயே நின்னுச்சு, எடையே ஏறலை. இன்னைக்கு நாப்பது கிராம் ஏறியிருக்கு! மனுஷன் வகுப்பிலயே அழுதுட்டாரு. இன்னைக்குப் பாடம் என்ன தெரியுமா? யாருக்குமே தெரியாத தப்பு, தப்புதானா?"

அவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு, "வா, உன் வாத்தியார் வீட்டுக்குப் போகணும்" என்றார்.

அங்கே அவர் திருகாணியைப் பழையபடி வைத்ததும் குழந்தையைத் தட்டில் கிடத்தினார்கள். நாற்பது கிராமும் போயிற்று. குழந்தையின் தாய் அதை வாரி எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் வேணும்னே திருகினேன். உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க."

"ஏன்?" என்றார் வாத்தியார்.

"உங்களைப் பத்திப் பேசினா இவ முகம் மலருது, சார். என்னைப் பத்திப் பேசினா மலர்றதே இல்லை."

தராசுக்காரரின் மனைவி குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, அவர்களோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். தராசுக்காரரை வாசலிலேயே விட்டுவிட்டுக் கார் நகர்ந்தது. பாவி மனுஷன், அப்போதும் அவள் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் எட்டிப் பார்த்தார்.